காய்க்குக் கட்ட

காஜா பெராங், மலாக்கா
9-1-1957

அன்புள்ள தம்பி பொன்னுதுரைக்கு அக்கா பூங்காவனத்தின் ஆசி.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? அந்த ரப்பர்த் தோட்டத்துத் தண்ணீரை அப்படியே குடிக்காதே. காய்ச்சிக் குடி. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். உன் மகள் ஜெயாவும் சுகம். தையல் வகுப்புக்குப் போகிறாள், வருகிறாள்.

உன் கடிதம் வந்தது. ஆவணியில் ஜெயாவுக்குக் கல்யாணம், அதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டாரைப் பெண் பார்க்க அழைத்து வருவேன், அவர்களுக்கு நம் வீட்டுப் பலாப்பழத்தை அறுத்து வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். தோட்டம் முழுக்கப் பெருமை அடித்துவிட்டாயாக்கும். பழமா? இந்த மரத்திலா? வந்து பார்.

உன் பெண்டாட்டி சீதா ஜெயாவை வயிற்றில் வைத்துக்கொண்டு இங்கே தங்கியிருந்தபோது கிணற்றடியில் ஊன்றிய கொட்டை இது. புண்ணியவதி, அவள் உயிரோடு இருந்தவரை தேனாகக் காய்த்தது. அவள் போனபிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டு, இப்போது மூன்று வருஷமாக நாசம். போன வருஷம் ஆறு காய். ஆறும் பார்க்க லட்சணம். அறுத்தால், சீ, உள்ளே புழு நெளிகிறது. அந்தக் கத்தியில் ஒரு வாரம் வெங்காயம்கூட அரியவில்லை நான். இந்த வருஷம் அதைவிட மோசம். விரல் நீளத்துக்குப் பிஞ்சு விட்டது. ஒவ்வொன்றாகக் கறுத்து, மேலே பூனை மயிர் மாதிரி பூசணம் படர்ந்து, தொட்டால் பிசுபிசுவென்று கையோடு வந்துவிடுகிறது. கீழே விழுந்ததைத் தெரியாமல் மிதித்துவிட்டேன். அந்த வழவழப்பு சோற்றில் கை வைக்கும்போதும் ஞாபகம் வருகிறது.

இதில் பக்கத்து வீட்டு பாக்கியலட்சுமி வேறு. பேர் மட்டும்தான் நம் பேர். நெற்றியில் திருநீறு, இடுப்பில் கைலி, வாயைத் திறந்தால் மலாய். சாமியிடம் வேண்டிக்கொள்வதும் மலாயில்தான். பிள்ளையார் என்ன நினைத்துக்கொள்கிறாரோ. இறால் தலை, மீன் குடல் எல்லாவற்றையும் தன் பலா மரத்தடியில் குழி வெட்டிப் புதைக்கிறாள். வெயில் ஏறினால் அந்த நாற்றம் வேலி தாண்டி வந்து என் அடுப்பங்கரையில் உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் அவள் மரத்தில் அடிமுதல் நுனிவரை காய். எனக்குக் குமட்டுகிறதா, வயிறு எரிகிறதா என்று எனக்கே தெரியவில்லை.

நீ தோட்டத்துக் கிராணி. ஆயிரம் மரத்துக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறவன். இந்த ஒரு மரத்துக்கு என்ன செய்வது என்று எனக்கு எழுது.

முழங்கால் வலியோடு,
அக்கா பூங்காவனம்


குளுவாங்
20-1-1957

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு, தம்பி பொன்னுதுரை வணக்கத்துடன் எழுதுவது.

நான் நலம். தண்ணீர் காய்ச்சியே குடிக்கிறேன். முழங்காலுக்கு நல்லெண்ணெய் தடவவும்.

மேற்படி மரம் சம்பந்தமாக: தாங்கள் விவரித்தது பூசண நோய். ரப்பர் மரத்திலும் இது வரும், எனக்குப் பழக்கம். கறுத்த பிஞ்சுகளை ஒன்று விடாமல் பறித்து எரித்துவிடவும். கறுக்காமல் இருந்தாலும் அதே ஜாதிப் பிஞ்சு என்றால் அதையும் பறித்துவிடவும், நோய் பரவாது. அடிமரத்தில் மார்பு உயரத்துக்குச் சுண்ணாம்பு பூசவும். கிணற்றுத் தண்ணீர் வேரில் தேங்க விடவேண்டாம்.

மாப்பிள்ளை தியாகு எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். அமைதியானவர். குடி கிடையாது. கையில் எப்போதும் டெட்டால் மணம், தங்களுக்குப் பிடிக்கும். வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆகவே மரமும் மகளும் தங்கள் பொறுப்பு.

ஜெயாவை அந்தப் பக்கத்து வீட்டாரோடு அதிகம் பழக விடவேண்டாம்.

இப்படிக்கு,
தம்பி பொன்னுதுரை


காஜா பெராங்
18-2-1957

அன்புள்ள தம்பிக்கு,

சுகமா? எனக்குச் சுகமில்லை, எல்லாம் உன்னால்.

நீ எழுதியபடியே செய்தேன். ஜெயா ஏணியைப் பிடித்துக்கொண்டாள், நான் ஏறினேன். இந்த முழங்காலோடு! கறுத்தது, கறுக்காதது எல்லாவற்றையும் பறித்தேன். பலாப் பால் கையில் ஒட்டி, கையிலிருந்து தலைமுடியில் ஒட்டி, அரைப் போத்தல் தேங்காயெண்ணெய் போட்டும் இன்னும் பிசுக்குப் போகவில்லை. ஒரு கூடை சேர்ந்தது. கொளுத்தினால் எழவு வீட்டு நாற்றம். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

நாலாம் நாள் காலையில் பாக்கியலட்சுமி வேலி ஓரம் நின்று மொட்டை மரத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறாள். "ஐயோ மாக் பூங்கா! பூங்கா ஜந்தான்! பூங்கா ஜந்தான்!" என்று கத்துகிறாள். மாக் என்றால் அம்மா. இந்தத் தெருவில் என் பேரைப் பூங்கா என்று வெட்டிவிட்டார்கள். மலாயில் பூ என்று அர்த்தம், போகட்டும் என்று பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஜந்தான் என்பது சேவலுக்குச் சொல்கிற வார்த்தை. என்னை ஆம்பிளை என்கிறாள்! புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தனியாக வீட்டைக் கட்டி ஆள்கிறேன் என்று குத்திக் காட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். விளக்குமாற்றை எடுத்தேன்.

"யாருடி ஜந்தான்? மீன் குடலைப் பொதைக்கிற கையை வச்சுக்கிட்டு என்னைச் சொல்ல வந்துட்டியா?"

அவளுக்கு என் தமிழ் பாதி புரிந்தது. புரிந்த பாதி போதுமானதாக இருந்தது. அதற்குள் அவள் மகன் கலியாணசுந்தரம் ஓடி வந்தான். லோங்காங்கில், அதுதான் தெருச் சாக்கடையில், கொசு எண்ணெய் ஊற்றுகிற வேலை அவனுக்கு. சைக்கிளில் எண்ணெய் டின் தொங்கும், ஆள் வருவதற்கு முன்னால் வாடை வரும். கையைக் கூப்பிக்கொண்டே ஜெயாவிடம் மலாயில் என்னவோ சொன்னான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"அத்தே, வெளக்குமாத்தைக் கீழ போடுங்க. உங்களைச் சொல்லல. நீங்க பறிச்சதெல்லாம் பிஞ்சே இல்லியாம், ஆம்பிளைப் பூவாம். தூளைக் கொட்டிட்டுக் கறுத்து விழுறதுதான் அதோட வேலையாம். அது இல்லாட்டி காயே பிடிக்காதாம்."

இது நிஜமா? நிஜமென்றால் மாப்பிள்ளைகள் ஒருத்தரையும் விடாமல் கொளுத்த வைத்துவிட்டாய், தம்பி. ரப்பரில் பழக்கமாம், ரப்பரில்!

தெருவே சிரிக்க,
அக்கா பூங்காவனம்


குளுவாங்
2-3-1957

மதிப்பிற்குரிய அக்காவுக்கு வணக்கம். தங்கள் சுகத்துக்கு மாரியம்மனை வேண்டுகிறேன்.

பிழை திருத்தம். நாற்றங்கால் கங்காணியை விசாரித்தேன். சிறு கிளைகளில் விரல்போல் வருவது ஆண் பூ, அது கறுத்து விழுவது இயற்கை. அடிமரத்திலும் தடித்த கிளையிலும் தடித்த காம்போடு வருவதே பெண் பூ, அதுவே காயாகும். ஆண் பூ இல்லாத பட்சத்தில் வேறு மரத்திலிருந்து கொண்டுவந்து காலை வேளையில் பெண் பூவின் மேல் எல்லாப் பக்கமும் படும்படி தேய்க்கவும். சரியாகப் படாவிட்டால் காய் கோணலாகும்.

அடுத்து, புழு. ஈ வந்து காயின் தோலைக் குத்தி முட்டையிடுவதால் வருவது. கீழே விழுந்த அழுகலை அப்படியே விடாமல் ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்கவும். கொத்தாக இருக்கும் காயில் ஒன்றை விட்டு மற்றதை வெட்டவும். தேங்காய் அளவு வருமுன் ஒவ்வொரு காய்க்கும் துணி கட்டவும். தளர்வாகக் கட்டவும், கீழ்ப்பக்கம் மழைத்தண்ணீர் வடிய வழி இருக்கட்டும். புதுத்துணி ஆகாது, காற்றுப் போகாது. பலமுறை வெளுத்த பழந்துணியே உத்தமம். பிந்திக் கட்டினால் பயனில்லை.

அந்த எண்ணெய்க்காரன் இனி வேலி ஓரம் வரத் தேவையில்லை. சந்தேகம் இருந்தால் எனக்கு எழுதவும்.

இப்படிக்கு,
தம்பி பொன்னுதுரை


காஜா பெராங்
6-4-1957

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக இரு. என் முழங்காலைப் பற்றிக் கேட்காதே, நல்லெண்ணெய் வாடைதான் மிச்சம்.

வேறு மரத்தில் ஆண் பூ வாங்கு என்று சுலபமாக எழுதிவிட்டாய். வேறு மரம் என்றால் மீன் குடல் மரம்தான். விளக்குமாறு தூக்கிய வீட்டில் நான் போய்க் கேட்பேனா? ஜெயா போனாள். கலியாணசுந்தரம் மரத்தில் ஏறித் தொப்பி நிறையப் பறித்துக்கொண்டு வந்தான். அவன் வேலி ஓரம் வரவில்லை, கவலைப்படாதே. நேராக உள்ளேயே வந்துவிட்டான். ஏழு நாள் காலையில், வேலைக்குப் போகுமுன் வந்து தேய்த்துக் கொடுத்தான். ஜெயா ஏணியைப் பிடித்தாள். பூவோடு பூவைத் தேய்ப்பதை எனக்குப் பார்க்கவே கூசியது, முகத்தைத் திருப்பிக்கொண்டு காப்பி போடப் போய்விட்டேன்.

பதினோரு காய் பிடித்தது. நாலு கோணல், பல்வலிக்காரன் கன்னம் மாதிரி. வெட்டி எறிந்தேன். ஏழு மிச்சம். உன் அத்தானின் பழைய சட்டை இரண்டு, தலையணை உறை, மாவுச் சாக்கு என்று ஐந்துக்குக் கட்டினேன். மற்ற இரண்டுக்குத் துணி கிடைக்காமல் பத்து நாள் தாமதம். கடைசியில் ஜெயாவின் நீல வாயில் சேலையைக் கிழித்துக் கட்டினேன். மரம் இப்போது சட்டை போட்ட சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி நிற்கிறது. போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

ஜெயா சுகம்.

இப்படிக்கு,
அக்கா பூங்காவனம்


குளுவாங்
15-4-1957

அக்காவுக்கு வணக்கம்.

நீல வாயில் சேலை போன தீபாவளிக்கு நான் வாங்கி அனுப்பியது. ஆறு மாதத்தில் அது எப்படிப் பழந்துணி ஆனது? அதைக் கிழித்தால் அவள் எதை உடுத்துகிறாள்? இரண்டு மாதமாக அவளிடமிருந்து எனக்கு ஒரு வரி இல்லை. தாங்களும் முழங்காலைப் பற்றி நாலு வரி எழுதுகிறீர்கள், என் மகளைப் பற்றி இரண்டு வார்த்தை. விவரமாக எழுதவும்.

பொன்னுதுரை


காஜா பெராங்
10-5-1957

அன்புள்ள தம்பிக்கு,

உன் கோபம் கிடைத்தது. சுகமாக இரு.

கேட்டாய், சொல்கிறேன். உன் மகள் இப்போது சேலை கட்டுவதில்லை. கைலியும் கெபாயாவும். ஊசி மாதிரி இடுப்பைப் பிடிக்கிற அந்தச் சட்டையைத் தானே தைத்துக்கொள்கிறாள், தையல் வகுப்பில் நாம் சம்பளம் கட்டிக் கற்றுக்கொண்டது அதைத்தான். நீல வாயிலை அவளே பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். "கட்டாத சேலை எதுக்கு அத்தே, காய்க்காவது ஒதவட்டும்" என்றாள். நான் திட்டினேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். பிறகு பசித்தது, பேசிவிட்டேன். நேற்று பெலாச்சான் என்கிற இறால் விழுதைப் போட்டுக் கத்தரிக்காய் வதக்கினாள். என் அடுப்பில்! ஊர்ப்பட்ட செத்த மீனும் வந்து என் வீட்டில் படுத்துக்கொண்ட மாதிரி ஒரு நாற்றம். சட்டியைக் கிணற்றடியில் வைத்து மூன்று தடவை சாம்பல் போட்டுத் தேய்த்தேன்.

இன்னொரு சங்கதி. ஒரு செட்டி வீட்டிலிருந்து ஜெயாவைப் பெண் கேட்டிருக்கிறார்கள். மரியாதையாக, வெற்றிலைத் தாம்பாளத்தோடு வந்து கேட்டார்கள். பையன் உத்தியோகத்தில் இருக்கிறான். ஜெயாவுக்கு இஷ்டம் என்று தெரிகிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ சொல்.

மாரியம்மன் திருவிழாவுக்கு உங்கள் தோட்டத்துக் கண்ணம்மா வந்திருந்தாள். இரண்டு நாள் நம் வீட்டில்தான் தங்கினாள். நிறையப் பேசினாள்.

காய் பெருத்து வருகிறது.

அக்கா பூங்காவனம்


குளுவாங்
22-5-1957

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு, தம்பியின் அநேக நமஸ்காரம்.

தங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். செட்டியார் வீடா! அவர்கள் தங்களுக்குள்ளேயே அல்லவா கொள்வார்கள், கொடுப்பார்கள்? நம் பெண்ணைக் கேட்டு வந்தார்கள் என்றால் அது ஜெயாவின் அதிர்ஷ்டம், தங்கள் வளர்ப்பு. காலம் மாறுகிறது. சுதந்திரம் வரப்போகிறது அல்லவா? எந்தக் கிட்டங்கியில் லேவாதேவி? பையன் உத்தியோகம் என்றால் கணக்கெழுதும் அடுத்தாளா, கிட்டங்கியையே நடத்தும் மேலாளா? இதெல்லாம் முன்பே எழுதியிருக்க வேண்டாமா!

தியாகுவிடம் வாக்குக் கொடுத்தது உண்மைதான். ஆனால் வாக்கு என்பது சூழ்நிலைக்கு உட்பட்டது. பெண்ணுக்கு ஜாதகம் பொருந்தவில்லை என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். முடிவாகும்வரை இங்கே யாருக்கும் தெரிய வேண்டாம்.

கண்ணம்மாவுக்கு நாக்கு நீளம். அவள் சொல்வதை எல்லாம் நம்பவேண்டாம்.

காய்க்குக் கட்டிய துணி நனைந்தால் மாற்றிக் கட்டவும். செட்டியார் வீட்டாருக்கும் ஒரு பழம் கொடுத்தனுப்பலாம்.

தங்கள் அன்புத் தம்பி,
பொன்னுதுரை


காஜா பெராங்
9-7-1957

தம்பிக்கு,

நலம் கேட்க இன்று மனம் வரவில்லை. ஆனாலும் கேட்காமல் எழுதிப் பழக்கமில்லை. நலமா?

முதலில் என் அழுக்கைச் சொல்லிவிடுகிறேன். செட்டி என்று எழுதினேன். பொய் இல்லை. எத்தனையோ தலைமுறையாக இங்கேயே இருந்து, மலாய் பேசிக்கொண்டு, திருநீறு பூசிக்கொண்டிருக்கிற இந்தச் சனத்துக்கு இந்த ஊரில் செட்டி என்றுதான் பேர். கிட்டங்கியும் இல்லை, அடுத்தாளும் இல்லை. பெண் கேட்டது பாக்கியலட்சுமி. பையன் லோங்காங்கில் எண்ணெய் ஊற்றுகிற கலியாணசுந்தரம். உனக்கு இது தெரியாது, நீ வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வாய் என்று தெரிந்தேதான் அந்த ஒரு வார்த்தையை எழுதினேன். பயம். என்னை நம்பி விட்ட பெண் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

ஆனால் உன் பதில் வந்தது பார், அதைத் தொட்ட கையை எதைப் போட்டுக் கழுவுவது?

கண்ணம்மாவுக்கு நாக்கு நீளமாம். அவள் வந்து உட்கார்ந்ததும் கேட்டாள், "என்னக்கா, ஒரே பந்தல்ல அப்பனுக்கும் மகளுக்கும் கல்யாணமாமே, நீங்க எந்தப் பக்கம் நிப்பீங்க?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு விவரமாகச் சொன்னாள். அமைதியான மாப்பிள்ளை தியாகுவுக்கு முப்பத்தெட்டு வயசு. முதல் பெண்டாட்டி போய் ஒரு வருஷம் ஆகவில்லை. அவன் தங்கச்சிக்கு இருபத்திமூன்று. ஜெயாவை அவனுக்குக் கொடுத்தால் அந்தப் பெண் உனக்கு. பெண் கொடுத்துப் பெண் எடுப்பது நம்மில் இல்லாததா என்று கேட்பாய். உண்டு. வாசலில் பாய் விரித்துப் பத்துப் பேர் கேட்கச் சொல்லிச் செய்வார்கள். பெற்ற மகளிடமும் கூடப் பிறந்தவளிடமும் மறைத்துவிட்டு, டெட்டால் மணக்கிறது என்று எழுத மாட்டார்கள். தூ!

உனக்கு வாய்ப்புக் கொடுத்தேன், தம்பி. கண்ணம்மா நிறையப் பேசினாள் என்று எழுதினேன். இப்போதாவது சொல்வாய் என்று பார்த்தேன். சொன்னாயா? செட்டியார் என்றதும் அந்தத் தியாகுவையும், உனக்கென்று பேசி வைத்த பெண்ணையும் ஒரே மையில் அடித்துவிட்டாய். வாக்கு சூழ்நிலைக்கு உட்பட்டதாம். எனக்கு மீன் குடலைப் பார்த்து வராத ஓங்கரிப்பு அந்த வரியைப் பார்த்து வந்தது.

பழத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். முதலில் பழுத்தது நீல வாயில் கட்டியது. ஏழில் அதுதான் அழகு. தோலில் ஒரு புள்ளி இல்லை, வாசனை தெரு முனைவரை. அறுத்தால் உள்ளே நெளிகிறது. அப்படியே வைத்துவிட்டுப் போய் வாந்தி எடுத்தேன். ஜெயாதான் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தாள். துணியில் குற்றம் இல்லை. கட்டுவதற்கு முன்னாலேயே புழு உள்ளே போய்விட்டது. அன்றைக்கு ராத்திரி உன் கடிதங்களை எல்லாம் எடுத்து முதலிலிருந்து படித்தேன்.

சட்டைத்துணி கட்டியது இரண்டும் பொன் மாதிரி பழுத்தது. சுளை கை அகலம். நேற்று பாக்கியலட்சுமி வீட்டில் பர்ச்சு. பழக்காலத்தில் செத்துப்போனவர்களுக்கு இலை போட்டுப் பழம் படைக்கிறது அவர்கள் வழக்கம். ஜெயா ஒரு பழத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் சும்மா வாசலில் நின்று பார்க்கலாம் என்றுதான் போனேன். பாக்கியலட்சுமி யாரும் கேட்காமலே ஓரமாக ஓர் இலை போட்டாள். அதில் நம் பலாச் சுளையை வைத்தாள். "சீதா, மாரி மாக்கான்" என்றாள். வா, சாப்பிடு என்று கூப்பிடுகிறாள்! சீதாவுக்கு மலாய் தெரியுமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நினைத்தேன், அவள் போய் ஏழு வருஷத்தில் நான் ஓர் இலை போட்டேனா, நீ போட்டாயா? அந்த இலையிலேயே சுளைக்குப் பக்கத்தில் பெலாச்சான் சம்பலும் இருந்தது. எனக்குக் குமட்டலும் வந்தது, அழுகையும் வந்தது. ஜெயா என் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

ஆகையால் கேட்டுக்கொள். ஆவணி பன்னிரண்டு, புதன்கிழமை, இங்கே மாரியம்மன் கோயிலில் ஜெயாவுக்கும் கலியாணசுந்தரத்துக்கும் கல்யாணம். ஊரே மெர்டேக்கா என்று சுதந்திரத்துக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருக்கும், நமக்குத் தனியாகச் செலவில்லை. பெண்ணைத் தாரை வார்க்க நீ வந்தால் நீ. வராவிட்டால் நான். எனக்குத்தான் ஏற்கனவே ஜந்தான் என்று பேர் வைத்துவிட்டார்களே.

பூங்காவனம்


குளுவாங்
5-1-1958

அக்காவுக்கு.

இத்துடன் ஒரு வேட்டி. காய்க்குக் கட்ட.

பொன்னுதுரை


காஜா பெராங்
17-1-1958

அன்புள்ள தம்பி பொன்னுதுரைக்கு அக்காவின் ஆசி.

ஆறு மாதம் கழித்து ஒரு வரியும் ஒரு பார்சலும். சரி. சுகமா? சோறு யார் பொங்குகிறார்கள்? தண்ணீரைக் காய்ச்சித்தானே குடிக்கிறாய்?

கல்யாணத்துக்கு நீ வரவில்லை. நான்தான் தாரை வார்த்தேன். முழங்கால் நின்று கொடுத்தது. வெளியே வண்டிச் சத்தம் கேட்டபோதெல்லாம் மணையில் உட்கார்ந்திருந்த ஜெயா திரும்பித் திரும்பிப் பார்த்தாள். எல்லாம் கொடிக்கம்பம் ஏற்றிக்கொண்டு போன லாரிகள். அதற்காக உன்னை நான் இன்னும் திட்டி முடிக்கவில்லை, மீதியை நேரில் வைத்துக்கொள்ளலாம்.

பார்சலைப் பிரித்தேன். சரிகைக் கரை போட்ட எட்டு முழம். கடைச் சீட்டுக்கூடக் கிழிக்கவில்லை. மடிப்பு ஒரு தடவையும் கலையவில்லை. தியாகுவின் தங்கச்சியை ஐப்பசியில் வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்களாம், கண்ணம்மா சொன்னாள். இந்த வேட்டி எதற்கு வாங்கியது என்று நான் கேட்கப்போவதில்லை. கோபத்தில் அனுப்பினாயா, வெட்கத்தில் அனுப்பினாயா என்றும் கேட்கவில்லை.

ஆனால் மடையா, புது வேட்டியைப் பலாக்காய்க்கு யாராவது கட்டுவார்களா? காற்றுப் போகாது. பழந்துணிதான் உத்தமம் என்று எழுதியவன் நீதானே?

ஆகவே அதைப் பொங்கலன்று கலியாணசுந்தரத்திடம் கொடுத்தேன். "உங்க மாமனார் பொங்கச் சீர் அனுப்பியிருக்காரு" என்றேன். முழுப் பொய். பாதிப் பொய் சொல்லிப் பட்டது போதும் எனக்கு. ஜெயா என் முகத்தையே பார்த்தாள். பிறகு அந்த வேட்டியை வாங்கி மோந்து பார்த்தாள். "அப்பா பொட்டி வாசனை அத்தே" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள், வெகுநேரம் வரவில்லை.

மரம் நன்றாக இருக்கிறது. ஆண் பூ கறுத்துக் கறுத்து விழுகிறது. தினமும் காலையில் முகத்தைச் சுளித்துக்கொண்டே பெருக்குகிறேன், பறிப்பதில்லை. இறால் தலையில் ஒரு கூடை நம் மரத்தடியிலும் புதைத்துவிட்டுப் போனாள் சம்பந்தி. நாற்றம் தாங்கவில்லை. இந்த முறை பழந்துணி நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன், தாமதம் ஆகாது.

இப்போது முக்கியமான சங்கதி. உன் மருமகன் அந்த வேட்டியைக் கைலி மாதிரி இடுப்பில் சுற்றி, வயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டு, சரிகைக் கரை ஒரு பக்கம் முழங்காலிலும் ஒரு பக்கம் தரையிலும் இழுபட, அதன் மேல் சைக்கிளும் ஏறிக்கொண்டு கோயிலுக்கு வந்தான். ஓரத்தில் கொசு எண்ணெய்க் கறை. கேட்டவர்களிடமெல்லாம் மாமனார் கொடுத்தது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறான். சீ, பார்க்கச் சகிக்கவில்லை. எனக்குக் கட்டிவிடத் தெரியாது. இந்த வீட்டில் வேட்டி கட்டின ஆம்பிளை இருந்து பதினோரு வருஷம் ஆகிறது. சிவராத்திரிக்கும் இதே கோலத்தில்தான் வந்து நிற்பான். அதற்குள் நீ வந்து அவனுக்கு வேட்டி கட்டக் கற்றுக் கொடுத்துவிட்டுப் போ.

அக்கா பூங்கா